நாடு வளருதாம்! நம்ம வீட்டுக் கணக்கு என்ன சொல்லுது?



பட்ஜெட் வந்தாலும் சரி, தேர்தல் வந்தாலும் சரி, ஒரே கணக்கைத்தான் நம்ம காதில் ஓதுகிறார்கள். "நாட்டின் வளர்ச்சி இத்தனை சதவீதம்!" பேப்பரைப் பிரித்தால் அதுதான். டி.வி.யைப் போட்டால் அதுதான். 2022ல் இந்தியா பிரிட்டனையே முந்தி உலகத்தின் ஐந்தாவது பெரிய பொருளாதாரம் ஆகிவிட்டது என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். நம்மை அடிமைப்படுத்தி ஆண்டவனை நாம் முந்தினால் நமக்கும் பெருமைதான். வேண்டாம் என்று யார் சொன்னது?

ஆனால் அந்தச் செய்தி வந்த அன்றைக்குச் சாயந்திரம் பால் சொசைட்டியில் கேனோடு நின்றுகொண்டிருந்த நம்ம ஆட்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். "ஏனுங்க, நாடு வளர்ந்துருச்சுங்கறாங்க. நாமளும் அந்த நாட்டுலதானுங்களே இருக்கறோம்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். ஒருத்தராலும் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறோம்.

எதை எண்ணுகிறார்கள்?

வளர்ச்சி வளர்ச்சி என்கிறார்களே, அதற்கு ஒட்டுமொத்த உள்நாட்டு உற்பத்தி என்று பேர். சுருக்கமாக ஜி.டி.பி. ஒரு வருஷத்தில் நாட்டுக்குள் உற்பத்தியான பொருள், செய்த வேலை எல்லாவற்றுக்கும் சந்தை விலை போட்டுக் கூட்டினால் வருகிற தொகை. போன வருஷத்தை விட இந்த வருஷம் எவ்வளவு கூடியதோ அதுதான் வளர்ச்சி சதவீதம்.

கூட்டுகிறவர்கள் கெட்டிக்காரர்கள்தான். நாம் விற்காமல் வீட்டுக்கு வைத்துக்கொள்கிற நெல்லுக்கும் சோளத்துக்கும்கூட ஒரு விலை போட்டுச் சேர்த்துவிடுகிறார்கள். அதில் குறை சொல்ல முடியாது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. இது கூட்டல் மட்டுமே தெரிந்த கணக்கு! மிஷின் தேய்ந்தால் தேய்மானம் என்று கழிப்பதற்குத் தனியாக இன்னொரு கணக்கு உண்டு. ஆனால் அதிலும் மண் தேய்ந்தால், தண்ணீர் வற்றினால், மனுஷன் தேய்ந்தால் கழிப்பது கிடையாது.

நம்ம ஊர்ப்பக்கம் நடந்ததையே சொல்கிறோம். மூன்று ஏக்கர் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பம். ஒரு வருஷம் கோடையில் கிணறு வற்றியது. ரிக் வண்டியைக் கூப்பிட்டு 800 அடி போர் போட்டார்கள். புகைதான் வந்தது. தோட்டத்தின் இன்னொரு மூலையில் 1,000 அடி போட்டார்கள். ஒரு இஞ்சுத் தண்ணீர் வந்து மூன்றே மாசத்தில் நின்றது. தென்னையைக் காப்பாற்ற டேங்கர் லாரித் தண்ணீர் விலைக்கு வாங்கினார்கள். கவலையில் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து தனியார் ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தார். கடைசியில் ஒரு ஏக்கரை விற்றுக் கடனை அடைத்தார்கள்.

இந்தக் குடும்பத்துக்கு அது வாழ்வா சாவா என்கிற வருஷம். ஆனால் ஜி.டி.பி. கணக்கில்? ரிக் கூலி சேரும். பைப்பும் மோட்டாரும் சேரும். லாரித் தண்ணீர் சேரும். ஆஸ்பத்திரி பில்லும் மருந்துக்கடை பில்லும் சேரும். நிலம் விற்ற காசு சேராது, ஆனால் புரோக்கர் வாங்கின கமிஷன் சேரும்! அந்தக் குடும்பம் நல்லாயிருந்த எந்த வருஷத்திலும் நாட்டு வளர்ச்சிக்கு இவ்வளவு தொண்டு செய்ததில்லை. மழை நன்றாகப் பெய்து, கிணறு நிறைந்து, யாருக்கும் நோய்நொடி இல்லாமல் வீட்டில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்த வருஷத்தில் அவர்கள் நாட்டுக்குச் செய்தது ரொம்பக் கம்மி.

இது என்ன கணக்கு என்று நாம் கேட்கக் கூடாதா?

கணக்கை உண்டாக்கினவரே எச்சரித்தார்

படிக்காத பட்டிக்காட்டான் புரியாமல் பேசுகிறான் என்று யாரும் சொல்ல வேண்டாம். இந்த நாட்டு வருமானக் கணக்கை முதலில் ஒழுங்காகப் போட்டுக் காட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் சைமன் குஸ்நெட்ஸ். 1934ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அவர் கொடுத்த அறிக்கையிலேயே, ஒரு நாட்டு மக்களின் நல்வாழ்வை இந்த வருமானக் கணக்கை வைத்து அளந்துவிட முடியாது என்று எச்சரித்திருக்கிறார். பின்னால் 1971ல் அவருக்கு நோபல் பரிசும் கொடுத்தார்கள். பரிசைக் கொடுத்துவிட்டு எச்சரிக்கையை மட்டும் மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டார்கள்!

2008ல் பிரான்ஸ் நாட்டு அதிபர் சர்கோசி இதை ஆராய ஒரு குழு போட்டார். ஜோசப் ஸ்டிக்லிட்ஸ், நம்ம நாட்டு அமர்த்தியா சென், பிரான்சின் ஜான் பால் பித்துசி ஆகியோர் தலைமை. 2009ல் அறிக்கை வந்தது. எவ்வளவு உற்பத்தி ஆனது என்று மட்டும் பார்க்காதே. குடும்பத்தின் வருமானம் என்ன, ஆரோக்கியம் என்ன, நாளைய தலைமுறைக்கு என்ன மிச்சம் இருக்கிறது என்றும் பார் என்பதுதான் அதன் சாரம். பால் சொசைட்டியில் அந்தப் பெரியவர் கேட்டதும் இதைத்தானே!

நொய்யல் சொல்லும் பாடம்

வெளிநாட்டுக்குப் போவானேன்? வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர்ப் பக்கம் காவிரியில் கலக்கிற நம்ம நொய்யலைப் பாருங்கள். ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டி 1992ல் திறந்தார்கள். நம்ம காடு தோட்டங்களெல்லாம் வயலாகும் என்று ஆசைப்பட்டோம். வந்து தேங்கியது பாசனத் தண்ணீர் இல்லை, சாயத் தண்ணீர். கிணறு உப்பானது. தேங்காய் சிறுத்தது. மாடு அந்தத் தண்ணீரில் வாய் வைக்க மறுத்தது. எந்த அணை வேண்டும் என்று கேட்டோமோ, அதே அணையைத் திறக்காதே என்று நாமே போராட வேண்டிய கேடுகாலம் வந்தது.

அதே வருஷங்களில்தான் பனியன் ஏற்றுமதி ஏறுமுகமாகப் போனது. ஒவ்வொரு வருஷமும் சாதனை என்று செய்தி. ஏற்றுமதி ஆன ஒவ்வொரு பனியனும் நாட்டுக் கணக்கில் சேர்ந்தது. செத்த ஆறும் உப்பான கிணறும் எந்தக் கணக்கிலும் கழியவில்லை.

நாம் பனியன் தொழிலுக்கு எதிரி இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நம்ம வீட்டுப் பிள்ளைகளே அங்கேதான் ஷிப்டு பார்க்கிறார்கள். மழை பொய்த்த வருஷங்களில் பல வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தச் சம்பளத்தில்தான். நம்ம கேள்வி ஒன்றே ஒன்று: லாபத்தை எழுதின நோட்டில் நட்டத்தை ஏன் எழுதவில்லை?

நட்டத்தை எழுதச் செய்வதற்கு விவசாயிகள் கோர்ட்டு ஏற வேண்டியிருந்தது. சூழல் இழப்பு ஆணையம் 2004ல் கணக்குப் போட்டு, 28 ஆயிரத்துக்கும் அதிகமான விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் இழப்பீடு என்று சொன்னது. வகுத்துப் பாருங்கள். சராசரியாக ஒருத்தருக்கு ஒன்பதாயிரம் ரூபாய்கூட இல்லை! பரம்பரைத் தோட்டம் பாழாய்ப் போனதற்கு ஒரு கறவை மாடு வாங்கக்கூடப் பற்றாத காசு. 2006ல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2009ல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகுதான், சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறைக்கு வழி பிறந்தது. அந்த மூடலில் கஷ்டப்பட்டதும் ஏழைத் தொழிலாளிதான்.

இதில் இன்னொரு வேடிக்கை. சுத்திகரிப்பு ஆலை கட்டின செலவும் ஜி.டி.பி.யில் சேரும். ஆற்றை அழுக்காக்கினதும் வளர்ச்சி! அழுக்கை எடுத்ததும் வளர்ச்சி! ஆறு ஆறாகவே இருந்திருந்தால் மட்டும் வளர்ச்சி இல்லை!

முதல் வருஷத்திலேயே அந்த நட்டத்தை எழுதியிருந்தால் சுத்திகரிப்பு ஆலை 1992லேயே வந்திருக்கும். ஆறும் பிழைத்திருக்கும், தொழிலும் தெருவுக்கு வந்திருக்காது.

டன் கணக்கு வேறு, நம்ம கணக்கு வேறு

நாட்டுக்கு ஜி.டி.பி. எப்படியோ, விவசாயத்துக்கு டன் கணக்கு அப்படி. 1950-51ல் நாட்டின் உணவு தானிய விளைச்சல் சுமார் 5 கோடி டன். 2024-25ல் 35 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. ஏழு மடங்கு! இதைச் செய்தது யார்? ஆபீசில் உட்கார்ந்திருக்கிறவர்களா? நாம். நம்ம அப்பன், பாட்டன். விளைச்சல் ஏழு மடங்கு ஏறினதே, விளைவித்தவன் நிலைமை என்ன?

மத்திய அரசின் புள்ளியியல் துறை 2018-19ல் விவசாயக் குடும்பங்களைக் கணக்கெடுத்தது. ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் வெள்ளாமையில் வந்தது 3,798 ரூபாய். கூலி, சம்பளத்தில் வந்தது 4,063 ரூபாய். அதாவது பேருக்குத்தான் விவசாயி. பிழைப்பு கூலியில் ஓடுகிறது. ஒரு குடும்பமே பாடுபட்டு வெள்ளாமையில் எடுப்பது நாளொன்றுக்கு 127 ரூபாய். வீட்டு விதைக்கும் வீட்டு ஆட்களின் உழைப்புக்கும் விலை போட்டால் அந்த 10,218ம் 8,337க்கு இறங்கிவிடுகிறது. நூற்றுக்கு ஐம்பது குடும்பம் கடனில். குடும்பத்துக்குச் சராசரிக் கடன் 74,121 ரூபாய்.

2016ல் என்ன சொன்னார்கள்? 2022க்குள் விவசாயி வருமானம் இரட்டிப்பாகும் என்றார்கள். அரசு அமைத்த குழுவே 2015-16ல் மாத வருமானம் 8,059 ரூபாய் என்று வைத்துத்தான் கணக்கை ஆரம்பித்தது. விலைவாசி ஏறினதை விட்டுவிட்டாலும் இரட்டிப்பு என்றால் 16 ஆயிரத்துக்கு மேல் வர வேண்டும். நபார்டு வங்கி 2021-22ல் எடுத்த கணக்கில் வந்தது 13,661 ரூபாய். உரம், டீசல், ஆள்கூலி ஏறினதையும் பார்த்தால் என்ன மிஞ்சும் என்று உங்களுக்கே தெரியும். இரட்டிப்பு ஆயிற்றா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல, அதே புள்ளியியல் துறை அதே முறையில் 2022ல் ஒரு கணக்கெடுப்பு நடத்தியிருக்க வேண்டும். நடத்தவில்லை! ஜி.டி.பி.யை மூன்று மாசத்துக்கு ஒருமுறை அளக்கத் தெரிந்தவர்களுக்கு நம்ம வருமானத்தை ஆறு வருஷத்துக்கு ஒருமுறை அளக்கக்கூட நேரம் இல்லை.

2023-24 கணக்குப்படி நாட்டில் வேலை செய்கிற 100 பேரில் 46 பேர் விவசாயத்தில் இருந்தோம். நாட்டு உற்பத்தி 100 ரூபாய் என்றால் விவசாயத்தின் பங்கு சுமார் 18 ரூபாய். நாற்பத்தாறு பேருக்குப் பதினெட்டு ரூபாய்! மீதி 82 ரூபாய் எவ்வளவு வேகமாக வளர்ந்தாலும் "நாடு வளர்ந்தது" என்று எழுதிவிடலாம். நாம் நின்ற இடத்திலேயே நிற்கலாம்.

2022ஆம் வருஷம் மட்டும் விவசாயிகளும் விவசாயத் தொழிலாளிகளுமாக 11,290 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள் என்று அரசின் குற்றப் பதிவுத் துறையே எழுதி வைத்திருக்கிறது. வளர்ச்சி சதவீதத்தில் இந்த உயிர்களுக்கு ஒரு புள்ளிகூடக் குறையவில்லை.

விடுபட்ட கட்டத்தில்தான் நம்ம காசு

"கணக்கில் ஒரு கட்டம் விடுபட்டால் என்ன கெட்டுப் போச்சு?" என்று சிலர் நினைக்கலாம். அங்கேதான் சூட்சுமமே இருக்கிறது.

நெல்லுக்கு ஆதார விலை எப்படிப் போடுகிறார்கள்? கையை விட்டுப் போன செலவு, வீட்டு ஆட்களின் உழைப்பு இரண்டையும் கூட்டினால் ஏ2+எப்.எல். என்று ஒரு கணக்கு. அதோடு சொந்த நிலத்துக்கு வாடகை, போட்ட முதலுக்கு வட்டி சேர்த்தால் சி2 என்று இன்னொரு கணக்கு. டவுனில் சொந்தக் கட்டிடத்தில் கடை வைத்திருக்கிறவர் அந்த இடத்துக்கும் ஒரு வாடகை உண்டு என்று நினைத்துத்தானே விலை வைப்பார்? நமக்கு மட்டும் நிலம் சும்மா வந்ததா?

டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் 2004ல் அமைத்த தேசிய விவசாயிகள் ஆணையம் 2006ல் இறுதி அறிக்கை கொடுத்தது. சாகுபடிச் செலவுக்கு மேல் குறைந்தது ஐம்பது சதவீதம் சேர்த்து ஆதார விலை கொடு என்றது. இன்னொன்றும் சொன்னது, அதை யாரும் பேசுவதில்லை. விவசாய முன்னேற்றத்தை எத்தனை டன் விளைந்தது என்று மட்டும் பார்க்காதே, விவசாயக் குடும்பத்தின் நிகர வருமானம் எவ்வளவு கூடியது என்று பார் என்றது. உலகமே ஜி.டி.பி.யைத் தாண்டி யோசி என்று பேசுவதற்கு முன்னாலேயே, நம்ம கும்பகோணத்துக்காரர் நமக்காக எழுதி வைத்த வார்த்தை அது.

அரசு சி2வை விட்டுவிட்டு ஏ2+எப்.எல்.லை எடுத்துக்கொண்டது. 2024-25ல் சாதாரண நெல்லுக்குக் குவிண்டால் 2,300 ரூபாய். சி2 கணக்கில் போட்டிருந்தால் 3,000 ரூபாய்க்கு மேல் வந்திருக்கும். ஒரு குவிண்டாலுக்கு 700 ரூபாய் எங்கே போனது? எந்தத் திருடனும் வரவில்லை. ஒரு கட்டத்தை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்!

நல்ல உதாரணமும் இருக்கிறது. முன்பெல்லாம் பயிர் பாதிக்குப் பாதி போனால்தான் பேரிடர் நிவாரணம். 2015ல் அதை 33 சதவீதம் என்று மாற்றினார்கள். மழையும் அதேதான், வெள்ளமும் அதேதான். நோட்டில் ஒரு எண் மாறினதால், அதுவரை ஆபீஸ் வாசலிலிருந்து வெறுங்கையோடு திரும்பினவர்களுக்கு மனுக் கொடுக்கவாவது உரிமை வந்தது. கணக்கு என்பது வெறும் எழுத்து இல்லை, மக்களே! எதை எண்ணுகிறார்களோ அதற்குத்தான் பணம் ஒதுக்குவார்கள்.

தாய்மார்களே, உங்களைச் சேர்க்கவே இல்லை!

காலையில் நான்கு மணிக்கு எழுந்து சாணி அள்ளி, பால் கறந்து, சோறாக்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, களை வெட்டிவிட்டு வந்து மறுபடியும் அடுப்படியில் நிற்கிறீர்களே! பால் கணக்கில் வரும். சோறாக்கினது வராது. படுத்த படுக்கையாக இருக்கிற மாமியாருக்குக் கஞ்சி ஊட்டினது வராது. அதே வேலைக்குச் சம்பளம் போட்டு ஆள் வைத்தால் உடனே நாடு வளர்ந்துவிடும்!

2024ல் மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கில், வீட்டு வேலை செய்கிற பெண் ஒருவர் அதற்காக நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிடம் செலவழிக்கிறார். அப்படி வேலை செய்கிற ஆண் 88 நிமிடம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் கூலியில்லா உழைப்பு! அரசாங்கத்தைக் கேள்வி கேட்கிற நாம், நம்ம வீட்டில் அந்த 88 நிமிடமாவது செய்கிறோமா என்று நெஞ்சைத் தொட்டுப் பார்க்கவும் வேண்டும்.

வேறு அளவுகோலே இல்லையா?

இருக்கிறது. 1990ல் பாகிஸ்தானைச் சேர்ந்த மஹ்பூப் உல் ஹக்கும் அமர்த்தியா சென்னும் சேர்ந்து யோசித்து, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மூலம் மனித வளர்ச்சிக் குறியீடு என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். எத்தனை வயசு வரை வாழ்கிறார்கள், எத்தனை வருஷம் படிக்கிறார்கள், தலைக்கு வருமானம் என்ன என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்கிற கணக்கு. மொத்த உற்பத்தியில் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்த இந்தியா, 2025ல் வந்த இந்த அறிக்கையில் 193 நாடுகளில் 130வது இடம். ஒரே நாடுதான், ஒரே ஜனங்கள்தான். அளவுகோல் மாறினால் உண்மை வெளியே வருகிறது.

பக்கத்து நாடு பூட்டான். 1970களிலேயே அந்த நாட்டு மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக், மொத்த உற்பத்தியை விட மொத்த மகிழ்ச்சிதான் முக்கியம் என்றார். 2008ல் அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். நாட்டில் அறுபது சதவீதம் காடு எந்தக் காலத்திலும் இருக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் உண்டு. வீடு வீடாகப் போய்க் கேட்கிறார்கள். எத்தனை மணி நேரம் தூங்குகிறாய்? அக்கம்பக்கத்தாரை நம்புகிறாயா? காட்டு மிருகம் உன் பயிரை அழிக்கிறதா? இதைக் கேட்டதும் நமக்கு ஆச்சரியம். காட்டுப்பன்றியும் மயிலும் நம்ம சோளக்காட்டை அழிக்கிறதை எந்த வளர்ச்சிக் கணக்கிலாவது எழுதியிருக்கிறார்களா? ராத்திரி மூணு பேஸ் கரண்டுக்காகப் பாம்புக்கும் பூச்சிக்கும் நடுவே மோட்டார் போட ஓடினோமே, அந்தத் தூக்கத்தை யாராவது எண்ணினார்களா?

அதற்காகப் பூட்டானைச் சொர்க்கம் என்று நாம் சொல்லவில்லை. வேலை தேடி அந்த நாட்டு இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் ஆஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். காசில்லாமல் மகிழ்ச்சி இல்லை. கடன்காரன் வாசலில் நிற்கும்போது மகிழ்ச்சிக் குறியீடு சோறு போடாது. நாளைக்கு யாராவது மேடையேறி, "விவசாயிகளே, பணம் முக்கியமில்லை, மனநிறைவுதான் முக்கியம்" என்று உபதேசம் செய்தால் அதையும் நம்பாதீர்கள். நமக்கு விலையும் வேண்டும், தண்ணீரும் வேண்டும், தூக்கமும் வேண்டும்.

2025ல் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் உலக நாடுகளுக்கெல்லாம் ஒரு புதிய கணக்கு முறையை ஏற்றிருக்கிறது. இயற்கை வளம் தீர்ந்துபோவதையும் உற்பத்திச் செலவாகக் கழிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நம்ம மத்திய புள்ளியியல் அமைச்சகமும் 2018 முதல் சுற்றுச்சூழல் கணக்கு என்று தனிப் புத்தகம் போடுகிறது. ஆனால் பட்ஜெட் அன்றைக்கு அந்தப் புத்தகத்தைத் திறப்பவர் யார்?

நாம் கேட்பது என்ன?

நம்ம வி.ஏ.ஓ. ஆபீசில் கிராமக் கணக்கு எண் 2, அதாவது அடங்கல் இருக்கிறது. எந்த சர்வே நம்பரில் என்ன பயிர், எத்தனை ஏக்கர் என்று எழுதுவார்கள். ஒன்றும் போடவில்லை என்றால் "தரிசு" என்று ஒரு வார்த்தை. ஏன் தரிசு? தண்ணீர் இல்லையா, ஆள் இல்லையா, கட்டுப்படியாகவில்லையா, பையன் டவுனுக்குப் போய்விட்டானா? அதற்குக் கட்டம் இல்லை. அந்தக் கட்டத்தைத்தான் கேட்கிறோம்.

1. விவசாயக் குடும்பங்களின் நிகர வருமானம், கடன் இரண்டையும் ஒவ்வொரு வருஷமும் மாவட்டவாரியாகக் கணக்கெடுத்துப் பட்ஜெட்டுக்கு முன்னால் வெளியிட வேண்டும். 2021 முதல் தமிழ்நாட்டில் தனியாகப் போடுகிற வேளாண் பட்ஜெட்டில் டன் கணக்கோடு இந்தக் கணக்கும் முதல் பக்கத்தில் வர வேண்டும்.

2. சி2 செலவோடு ஐம்பது சதவீதம் சேர்த்து ஆதார விலை. அதற்குச் சட்டப் பாதுகாப்பு.

3. ஒவ்வொரு பிர்காவிலும் நிலத்தடி நீர் எத்தனை அடி இறங்கியது, மண் எவ்வளவு கெட்டது என்று கிராமசபையில் வாசிக்க வேண்டும். அந்த நட்டத்தை மாநில வளர்ச்சிக் கணக்கில் கழித்துக் காட்ட வேண்டும்.

4. எந்த ஆலைக்கு அனுமதி கொடுத்தாலும், ஆற்றுக்கும் கிணற்றுக்கும் வரப்போகிற நட்டத்தை முன்கூட்டியே கணக்கிட்டு ஆலையின் செலவில் சேர்க்க வேண்டும். இன்னொரு நொய்யல் வேண்டாம்.

5. சாகுபடிச் செலவில் பெண்ணின் உழைப்புக்கு ஆணுக்குச் சமமான கூலி போட வேண்டும்.

அவர்கள் எழுதும் வரை நாம் எழுதுவோம்

கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பது நம்ம சங்கத்தின் வழக்கம் இல்லை. ஊருக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். படிக்கிற பிள்ளைகளிடம் கொடுங்கள். யார் கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர், எத்தனை போர் போட்டு எத்தனை புகைந்தது, ஏக்கருக்கு என்ன செலவு, என்ன வரவு, வெளியில் என்ன கடன், எத்தனை ஏக்கர் எதனால் தரிசு என்று எழுதச் சொல்லுங்கள். வீட்டு மானத்தை நினைத்துக் கடனை மறைக்க வேண்டாம். பேர் போட வேண்டாம், தொகை போட்டால் போதும். கடன் உங்கள் குற்றம் இல்லை. கணக்கின் குற்றம்!

மார்ச் 22 தண்ணீர் நாள் கிராமசபை இருக்கிறது. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, ஜனவரி 26 இருக்கிறது. அந்த நோட்டைக் கிராமசபையில் வாசித்துத் தீர்மானமாகப் போடுங்கள். மினிட் புத்தகத்தில் ஏறின கணக்கை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. தாலுகா ஆபீஸ் முன்னால் நாம் உட்காரப் போகிற தர்ணாவுக்கு அந்த நோட்டுகளைத்தான் கையில் கொண்டுவர வேண்டும். தேதியும் நேரமும் பின் அட்டையில் இருக்கிறது.

1970ல் யூனிட்டுக்கு ஒரு பைசா மின்கட்டணம் ஏறினதை எதிர்த்து நம்ம விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். பெருமாநல்லூரில் மூன்று பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்தார்கள். ஒரு பைசாவுக்கா இவ்வளவு என்று டவுன்காரர்கள் அன்றைக்குச் சிரித்தார்கள். அந்த ஒரு பைசாவில் தங்கள் பண்ணையமே அடங்கியிருக்கிறது என்று அந்த உழவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு நாம் ஒரு கட்டத்துக்காகப் போராடுகிறோம். இதற்கும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கிணற்றில் தண்ணீர், பட்டியில் மாடு, கடனில்லாத வீடு, காட்டை விட்டு ஓடாத பிள்ளை. இவ்வளவும் சேர்ந்ததுதான் வளர்ச்சி. இதை எழுதாத கணக்கு நம்ம கணக்கு இல்லை!

நோட்டோடு வாருங்கள்! வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்!

உழவர் ஒற்றுமை ஓங்குக!

இப்படிக்கு,
சங்கத்துக்காகச் செயலாளர்